கல்லீரலின் மதகு அடைபட்டால்

(நமது சங்கத்தின் ஓசூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதர் ஒருவர் மேடை ஏறினால் இலக்கியம் பேசுவார் என்று எதிர்பார்த்தே நீங்கள் வந்திருப்பீர்கள். இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. கல்லீரலினின்றும் வெளிச்செல்லவேண்டிய இரத்தம் வழி அடைபட்டுத் தேங்குவதால் உண்டாகும் நோயொன்றையும், அவ்வடைப்பை உடலை அறுக்காமலே படம் பிடித்துக் காணும் முறைகளையும் பற்றிச் சில சொல்லத் துணிந்தோம். யாம் வைத்தியர் அல்லோம். ஆயினும் இந்நோயின் பொருட்டு மருத்துவர்களிடம் கேட்டும், எளிய நூல்களைப் படித்தும் இரண்டாண்டுகளாக அறிந்துகொண்டவை சில உள. அங்ஙனம் அறிய முற்பட்டதற்கு எமது பிழையொன்றே காரணம். அப்பிழையை முதலில் சபையறியச் சொல்லிவிடுகின்றோம்.

எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன். சூளகிரிப் பக்கத்துச் சிற்றூரினன். நம்மவர் வீட்டுப் பிள்ளை. இளமையிலேயே தந்தையை இழந்தவன். பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ. பயின்று, சிப்காட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் வேலைக்கமர்ந்தான். தங்கைக்கு மணம் முடித்தான்; தாயைக் காத்தான். இருபத்து நான்காம் வயதில் அவனுக்கும் பெண் பார்த்துப் பாக்கு வெற்றிலை மாற்றினர். அவ்வமயத்தில்தான் வலப்பக்க விலாவின் கீழ் வலி தோன்றியது. சில வாரங்களில் வயிறு பெருத்தது, கால்கள் வீங்கின, வயிற்றின்மேல் நீல நரம்புகள் புடைத்தெழுந்தன.

முதலில் சென்ற ஆஸ்பத்திரியின் பெயர் இங்கு வேண்டா. அங்கே ஸ்கேன் எடுத்தனர். “ஈரல் பெருத்திருக்கிறது, வயிற்றில் நீர் சேர்ந்திருக்கிறது” என்று எழுதித் தந்தனர். “எத்தனை வருஷமாகக் குடிக்கிறாய்?” என்பதே அவனைக் கேட்ட முதற் கேள்வி. குடிப்பதில்லை என்றான். “எல்லாரும் இப்படித்தான் சொல்லுவார்கள்” என்று சொல்லி நீரை இறக்கி அனுப்பினர். நீர் மீண்டும் சேர்ந்தது, மீண்டும் இறக்கினர். செய்தி ஊருக்குள் பரவிற்று. பெண் வீட்டார் காரணம் சொல்லாமலே விலகிக்கொண்டனர். ஒருநாள் அவன் தாயார் எம் இல்லத்துக்கு வந்து, “வாத்தியாரய்யா, நீங்கள் சொன்னால் கேட்பான், அந்தப் பாழும் குடியை விடச் சொல்லுங்கள்” என்று அழுதார். பெற்ற தாயே ஐயுறத் தொடங்கிவிட்டார்.

யாம் என் செய்தோம்? அவனை அழைத்து எதிரில் அமர்த்தி, திருக்குறளின் 93-ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையை ஒரு மணி நேரம் விரித்துரைத்தோம். தலைகுனிந்து முழுவதும் கேட்டான். முடிவில், “ஐயா, நீங்களும் நம்பவில்லையா?” என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து சென்றான்.

அதே நூலில் இரண்டு அதிகாரம் தள்ளி 95-ஆவதாக ‘மருந்து’ என்னும் அதிகாரம் உள்ளது. நோய் இன்னதென்று ஆராய்க, அதன் காரணத்தை ஆராய்க, அதன் பின்னரே தணிக்கும் வழியை நாடுக என்னும் முறை அங்கே வகுக்கப்பட்டிருக்கின்றது. ஆண்டுதோறும் அதனை வகுப்பில் நடத்தும் யாமே அம்முறையை மறந்தோம். நோயை ஆராயுமுன் நோயாளிக்குத் தீர்ப்பு எழுதிவிட்டோம்.

மது தீதன்று என்று சொல்ல யாம் வரவில்லை. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராஜாஜி அவர்கள், சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி மதுவிலக்கை முதன்முதல் நடைமுறைப்படுத்தியது சேலம் ஜில்லாவிலேயாம். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அக்காலத்தில் அந்த ஜில்லாவைச் சேர்ந்தவையே. குடியால் ஈரல் கெட்டு மாண்டாரை நம்மில் யார்தான் அறியார்? ஆயின் வயிறு பெருத்தாரெல்லாம் குடித்தாரல்லர். மஞ்சட்காமாலைக் கிருமிகளாலும், நீரிழிவோடு கூடிய கொழுப்பீரலாலும், வயிற்றுக் காசத்தாலும், இருதய நோயாலும் வயிற்றில் நீர் சேரும். நம் முன்னோர் இதனை மகோதரம் என்றும் பெருவயிறு என்றும் வழங்கினர். அஃது ஓர் அறிகுறியின் பெயர், காரணத்தின் பெயரன்று. அக்காரணங்களுள் அரியதாயினும் விரைந்து கண்டால் போக்கத்தக்கதாகிய ஒன்றே இன்றைய நமது பொருள்.

கல்லீரலை ஓர் ஏரியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கு வரத்துக்கால் உண்டு. நீர் வெளிச்செல்ல மதகு உண்டு. கல்லீரலுக்கு வரத்துக்கால் இரண்டு. இருதயத்திலிருந்து வரும் தமனி ஒன்று. குடலிலும் மண்ணீரலிலுமிருந்து இரத்தத்தைத் திரட்டிவரும் போர்ட்டல் சிரை மற்றொன்று. வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்காற்பங்கு இப்போர்ட்டல் சிரை வழியாகவே வருகின்றது. நிமிஷத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் இரத்தம் இவ்வாறு கல்லீரலுள் பாய்கின்றது. வெளிச்செல்லும் மதகுகளோ மூன்று. வலம், நடு, இடம் என்னும் மூன்று கல்லீரற் சிரைகளும் கீழ்ப்பெருஞ்சிரை என்னும் பேராற்றில் கலக்க, அது மேலே சென்று இருதயத்தை அடைகின்றது.

இனி, மதகு அடைபட்டால் ஏரி என்னாகும்? வரத்து நிற்பதில்லை, ஆகவே நீர் ஏறுகின்றது. ஏரி பெருக்கின்றது. கரையில் கசிவு உண்டாகிச் சுற்றுநிலம் சதுப்பாகின்றது. போக்கற்ற நீர் கண்ட இடங்களில் அறுத்துக்கொண்டு சிறு சிறு ஓடைகளாய் ஓடுகின்றது. கல்லீரலிலும் இவையே நிகழ்கின்றன. அது வீங்கி வலிக்கின்றது. அதன் மேற்பரப்பினின்றும் நீர் கசிந்து வயிற்றில் சேர்கின்றது. இரத்தம் புதுவழி தேடி வயிற்றின்மேலும் உணவுக்குழாயின் உள்ளும் நரம்புகளைப் புடைக்கச் செய்கின்றது. உணவுக்குழாயில் புடைத்தவை வெடிப்பின் இரத்த வாந்தி உண்டாகும். மதகு ஒன்று மட்டும் அடைபடின் மற்றவை பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். இரண்டோ மூன்றோ அடைபட்டாலும், பேராறாகிய கீழ்ப்பெருஞ்சிரையே கல்லீரலின் அருகே அடைபட்டாலும்தான் துன்பம் மிகும்.

இந்நோய்க்குப் பட்–கியாரி நோய் என்று பெயர். ஜார்ஜ் பட் என்பார் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் வைத்தியப் பேராசிரியர்; 1845-இல் வெளியிட்ட கல்லீரல் நோய்கள் பற்றிய தமது நூலில் இவ்வடைப்பைக் குறித்தார். ஹான்ஸ் கியாரி என்பார் ஆஸ்திரிய நாட்டவர். பிராக் நகரத்தில் நோய்க்கூற்று உடற்கூறு கற்பித்தவர். 1899-இல் இதனை விரிவாக ஆராய்ந்து எழுதினார். பிணங்களை அறுத்துப் பார்த்தே அன்று இந்நோயைத் தெளிய முடிந்தது. உயிரோடிருந்த நோயாளிக்கு அவ்வறிவால் பயனில்லை.

அதே பிராக் நகரத்தில், கியாரிக்கு ஐம்பத்தேழு ஆண்டுகள் முன்பு, 1842-ஆம் ஆண்டு மே மாதத்தில், கிறிஸ்டியன் டாப்ளர் என்னும் கணித ஆசிரியர் ஒரு கட்டுரை படித்தார். இரட்டை விண்மீன்களின் நிறத்தைப் பற்றியது அது. அலையை எழுப்பும் பொருள் நம்மை நோக்கி வரும்போது அலை நெருங்கியும், விலகிச் செல்லும்போது நெகிழ்ந்தும் தோன்றும் என்பது அவர் கொள்கை. 1845-இல் ஹாலந்து தேசத்தில் பைஸ் பலாட் என்னும் அறிஞர், ஓடும் ரயில்வண்டியில் எக்காளம் ஊதுவோரை ஏற்றி, ஒலியிலும் இது மெய்யென்று காட்டினார். நமக்கு ரயிலும் எக்காளமும் வேண்டுவதில்லை. பெங்களூரு நெடுஞ்சாலையோரம் நின்றால் போதும். ஹாரன் அடித்துக்கொண்டு வரும் லாரியின் ஒலி, நம்மைக் கடக்கும் கணத்தில் சட்டென்று தாழ்வதைச் சிறுவரும் அறிவர். நோய்க்குப் பெயர் தந்த கியாரியும், அந்நோயை இன்று உயிருள்ளவரிடம் காட்டித்தரும் கருவிக்குப் பெயர் தந்த டாப்ளரும் ஒரே ஊரில் ஆசிரியராக இருந்தவர்கள் என்பது ஆசிரியத் தொழிலினராகிய எமக்குப் பெருமகிழ்ச்சி அளிக்கின்றது.

ஸ்கேன் என்பது என்ன? இருவகை, மூவகை உள. முதலாவது ஒலியால் எடுக்கும் அல்ட்ராசவுண்டு. மனிதர் செவிக்கு எட்டாத மிக நுண்ணிய ஒலியை உடலுள் செலுத்தி, அது உறுப்புகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் படமாக்குவது. இதில் கதிர்வீச்சு இல்லை. நம் பெண்டிர் பலர், ஸ்கேன் என்பது கர்ப்பிணிகளுக்கே உரியது என்று எண்ணுகின்றனர். கருவிலுள்ள சிசு ஆணா பெண்ணா என்று சொல்லலாகாது என 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஸ்கேன் நிலையங்களில் அறிவிப்புப் பலகை மாட்டியிருப்பதும் அவ்வெண்ணத்துக்கு ஒரு காரணமாகலாம். ஈரலுக்கும் நீரகத்துக்கும் இரத்தக்குழாய்க்கும் இதுவே முதற் சோதனை.

இக்கருவி பிறந்த வரலாறு ஓசூர்த் தொழிலாளருக்கு உவப்பளிப்பது. கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் இயன் டொனால்ட், இரும்புத் தகட்டின் உள்விரிசலைக் காண ஆலைகளில் வைத்திருந்த ஒலிக்கருவியைப் பார்த்து, இதனை மனித உடலுக்குப் பயன்படுத்தலாகாதா என்று முயன்றார். 1958-இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். எம் மாணவன் தொழிற்சாலையில் செய்யும் வேலையும் அதுவே. வார்ப்புகளின் மேல் பசையைத் தடவி, ஒலியைச் செலுத்தி, உள்ளே வெடிப்போ குமிழோ உண்டா என்று பார்த்துத் தேர்வது அவன் பணி. தன் வயிற்றின்மேல் பசை தடவியபோது, “இரும்புக்குச் செய்ததை எனக்கும் செய்கிறார்கள்” என்று நினைத்துக்கொண்டானாம்.

வெறும் அல்ட்ராசவுண்டு படம் உறுப்பின் வடிவைக் காட்டும். டாப்ளர் முறை சேர்ந்தால் இரத்தத்தின் ஓட்டத்தையும் காட்டும். ஓடும் இரத்த அணுக்களிற் பட்டுத் திரும்பும் ஒலி, லாரியின் ஹாரன் போல், வருவதற்கு உயர்ந்தும் போவதற்குத் தாழ்ந்தும் ஒலிக்குமாதலின், இயந்திரம் அவ்வேறுபாட்டைக் கணக்கிட்டு நிறமாக்குகின்றது. கருவியை நோக்கி வருவதைச் சிவப்பாகவும், விலகிச் செல்வதை நீலமாகவும் காட்டுதல் வழக்கம். சிவப்பு நல்ல இரத்தம், நீலம் கெட்ட இரத்தம் என்று சிலர் கொள்ளும் பொருள் தவறு; நிறம் திசையையே குறிக்கும்.

நோயற்றவரின் கல்லீரற் சிரைகள் மூன்றும் கீழ்ப்பெருஞ்சிரையை நோக்கித் தெளிவாகத் தோன்றும். இருதயத் துடிப்புக்கு ஏற்ப அவற்றின் ஓட்டம் அலை அலையாய் ஏறியிறங்கும். அடைப்பு நோயில் சிரை தோன்றாமலே போகலாம், நூல்போல் சுருங்கியிருக்கலாம், உறைந்த இரத்தம் அதனுள் அமர்ந்திருக்கலாம், ஓட்டம் நின்றோ, அலையற்றுத் தட்டையாகியோ, எதிர்த்திசையில் திரும்பியோ காணலாம். ஒரு சிரையிலிருந்து மற்றொன்றுக்கு வளைந்து செல்லும் புது ஓடைகளும் தென்படலாம். இவ்வோடைகள் தேர்ந்த கண்ணுக்குச் சிறந்த சான்று.

இன்னுமோர் அடையாளம் உண்டு. கல்லீரலின் பின்புறத்தில் வால் மடல் என்று ஒரு சிறு பகுதி உளது. பெரிய மதகுகளைச் சாராமல், தன் சிறு சிரைகளாலேயே அது நேராகப் பேராற்றில் இரத்தத்தை விடுகின்றது. ஏரியின் ஒரு மூலைக்குத் தனிக் கண்மாய் இருந்தாற்போல். ஆதலின் மற்றப் பகுதிகள் தேங்கி நலியும்போது இது மட்டும் தழைத்துப் பெருக்கும். வால் மடல் பெருத்திருப்பதைக் கண்டால் தேர்ந்த மருத்துவர் மதகுகளை உடனே சோதிப்பார்.

பின் ஏன் முதல் ஆஸ்பத்திரியில் இது தெரியவில்லை? யாம் ஒருவரையும் குறைகூற வரவில்லை. காரணத்தை அறிதல் நன்று. வயிறு பெருத்து வருவோரிற் பெரும்பாலோர்க்கு வேறு காரணங்களே இருத்தலின், கண் அவ்வழியே செல்கின்றது. மற்றும், குடலில் வாயு மிகுந்தாலும் உடல் பருத்தாலும் சிரைகள் தெளிவாய்த் தெரியா. எல்லாவற்றிலும் முக்கியமானது, தேடினவர்க்கே இது கிடைக்கும் என்பது. சீட்டில் “வயிற்று ஸ்கேன்” என்று மட்டும் எழுதியிருந்தால் உறுப்பின் வடிவைப் பார்த்து முடித்துவிடக்கூடும். “கல்லீரற் சிரைகளை டாப்ளரில் பார்க்க” என்று எழுதினால்தான் மதகைத் திறந்து பார்த்தது ஆகும்.

எம் மாணவனுக்கு ஏழு மாதம் இவ்வாறு வீணாயிற்று. பிறகு வேறோர் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் மருத்துவர், “நீ குடிப்பதில்லை என்கிறாய், சரி, வேறு காரணம் தேடுவோம்” என்றார். அவன் சொல்லை ஒருவர் மெய்யென்று கொண்டது அதுவே முதன்முறை. டாப்ளர் வைத்துக் கால்மணி நேரம் பார்த்து, “இரத்தம் வெளியே போகவில்லை” என்றார்.

டாப்ளருக்குப் பின் சி.டி., எம்.ஆர்.ஐ. என்பன வருகின்றன. சி.டி. என்பது எக்ஸ்-கதிரால் உடலைத் துண்டு துண்டாய்ப் படமெடுப்பது. ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியியலாளர் சமைத்த கருவியால் 1971-இல் முதல் நோயாளிக்குப் படமெடுக்கப்பட்டது; அவரும் கார்மாக் என்பாரும் 1979-இல் நோபெல் பரிசு பெற்றனர். எம்.ஆர்.ஐ. என்பது காந்த வலிமையால் எடுப்பது. அதில் எக்ஸ்-கதிர் இல்லை. இரண்டிலும் நரம்பு வழியே ஒரு மருந்தைச் செலுத்தி, அது கல்லீரலுள் பரவுவதைப் பார்க்கின்றனர். அடைப்புள்ள ஈரலில் வால் மடலும் நடுப்பகுதியும் முதலில் ஒளிர, ஓரங்கள் மங்கித் திட்டுத்திட்டாய் நிற்கும். அடைப்பு எங்கே, எவ்வளவு நீளம், போர்ட்டல் சிரையும் அடைபட்டதா, கட்டி ஏதேனும் நெருக்குகின்றதா என்பன இவற்றால் விளங்கும். நீரகக் கோளாறு உடையோரும், மருந்து ஒவ்வாதோரும், உடலுள் இரும்புக் கருவி வைத்திருப்போரும் முன்னரே சொல்லிவிடவேண்டும்.

கடைசிப் படி, சிரைக்குள்ளேயே குழல் செலுத்தி மருந்து பாய்ச்சிப் படமெடுப்பது. 1929-இல் ஜெர்மனியில் ஃபோர்ஸ்மன் என்னும் இளம் மருத்துவர் தம் கைச்சிரை வழியே தாமே குழலை இருதயம்வரை செலுத்திக்கொண்டு எக்ஸ்-கதிர் அறைக்கு நடந்து சென்றார். அன்று அவரைக் கடிந்தனர். 1956-இல் நோபெல் பரிசு தந்தனர். அவ்வழியில் வளர்ந்த இம்முறையில், கழுத்துச் சிரை வழியே குழலைக் கல்லீரற் சிரைக்குக் கொண்டுசென்று அழுத்தத்தையும் அளக்கின்றனர். அடைபட்ட ஈரலின் நுண்சிரைகள் அப்படத்தில் சிலந்திவலை போலத் தோன்றும். இதன் சிறப்பு யாதெனில், கண்ட இடத்திலேயே சிகிச்சையும் செய்யலாம். குறுகிய சிரையைப் பலூனால் விரித்து, வேண்டின் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயை வைத்து மதகைத் திறந்துவிடுகின்றனர். திறக்க இயலாதபோது, போர்ட்டல் சிரைக்கும் மேற்சிரைக்கும் இடையே கல்லீரலுக்குள்ளேயே புதுக் கால்வாய் அமைக்கின்றனர். இச்சிகிச்சை 1988-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்தில் தொடங்கிற்று. எல்லாம் தவறினால் மாற்றுக் கல்லீரல்.

இஃது எங்கோ அயல்நாட்டு நோய் என்று எண்ணற்க. சண்டிகரிலுள்ள பட்டமேற்படிப்பு மருத்துவ நிலையத்தார் தாம் கண்ட 177 நோயாளிகளைப் பற்றி 1994-இல் எழுதி வெளியிட்டனர். கீழ்ப்பெருஞ்சிரையில் சவ்வுபோன்ற அடைப்பு உண்டாதல் மேல்நாட்டினும் ஆசிய நாடுகளில் மிகுதியாய்க் காணப்பட்டது. 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய சிறு வைத்தியசாலையினின்றும் வளர்ந்த வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கல்லீரலுக்கென்றே தனித்துறை உண்டு. குழல் வழிச் சிகிச்சையும் அங்கே நடைபெறுகின்றது. நமக்கு மேற்கே பெங்களூரு, கிழக்கே வேலூர். கிருஷ்ணகிரியிலேயே 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. வழியில்லாத நாட்டில் நாம் வாழவில்லை.

சிரையில் இரத்தம் ஏன் உறைகின்றது? உறையும் தன்மை சிலர்க்குப் பிறவியிலேயே மிகுந்திருக்கும். சிலர்க்கு எலும்பு மச்சை மிகையாய் இரத்த அணுக்களை ஆக்கும். அதற்குக் காரணமாகும் ஜாக்-2 என்னும் மரபணு மாற்றம் 2005-இல் கண்டறியப்பட்டது. எம் மாணவனுக்கு இருந்தது இதுவே. பெண்டிர்க்குக் கர்ப்ப காலத்திலும், பிள்ளைப்பேற்றை அடுத்த வாரங்களிலும், சிலவகைக் கருத்தடை மாத்திரைகள் உண்ணும்போதும் உறைதல் மிகும். பிள்ளை பெற்றவளுக்கு வயிறு மீண்டும் பெருத்தால் “பச்சை உடம்பு, வாயு” என்று வீட்டில் கிடத்திவிடுகின்றோம். தாய்மார்கள் இதனைச் சிந்திக்கவேண்டும்.

ராகியும் சாமையும் உண்ணும் நமது பகுதிக்கு மற்றொரு செய்தியும் உண்டு. இன்று சத்தீஸ்கர் மாநிலத்திலுள்ள சர்குஜா மாவட்டத்தில் 1970-களின் நடுவே, சிற்றூர்களில் பலர்க்கு ஒருங்கே வயிறு வீங்கிற்று, பலர் மாண்டனர். மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, அவர்கள் உண்ட சாமையில் கிலுகிலுப்பை இனத்துக் களைச்செடியின் விதைகள் கலந்திருந்தமை தெரிந்தது. அவ்விதையின் நஞ்சு கல்லீரலின் மிகச் சிறு சிரைகளை அடைத்துவிடும். பெரிய மதகுகள் திறந்திருக்க, வயல்வாய்க்கால்களே தூர்ந்துபோதல் போன்றது இது. இவ்வகையில் படத்தில் பெருஞ்சிரைகள் நன்றாகவே தோன்றும்; ஈரலின் சிறு துணுக்கை எடுத்துச் சோதித்தே தெளிவர். ஆதலின் தானியத்தைப் புடைத்துத் தூற்றி உண்ணும் பழைய வழக்கத்தைக் கைவிடற்க. இன்ன செடி என்று அறியாத பச்சிலையை ஈரலுக்கு மருந்தென்று அரைத்துக் குடிக்கவும் வேண்டா.

இனி, நம் சங்கத்தார்க்குச் சில வேண்டுகோள்.

முதலாவது, வயிறு பெருத்தும், வலப்பக்கம் வலித்தும், கால் வீங்கியும் ஒருவர் வருந்தினால், நீரை இறக்கிவிட்டதோடு அமையற்க. “கல்லீரலிலிருந்து இரத்தம் வெளியேறும் சிரைகளை டாப்ளரில் பார்த்தாயிற்றா?” என்று மருத்துவரைப் பணிவாய்க் கேளுங்கள். கேட்பதால் எவர் மதிப்பும் குறையாது. இளம் வயதினர்க்கும், குடிப்பழக்கம் இல்லார்க்கும், விரைந்து வயிறு பெருத்தார்க்கும் இதனை மறவாது கேளுங்கள்.

இரண்டாவது, இச்சோதனைக்குச் செல்லும்போது ஆஸ்பத்திரியார் சொல்லும் நேரம்வரை உண்ணாதிருங்கள். பழைய படங்களையும் சீட்டுகளையும் தேதிவாரியாக ஒரு பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூஜூவாடி தாண்டிப் பெங்களூரு போவோரும், வேலூர் போவோரும் அவற்றை வீட்டில் விட்டுச்செல்வதால் எடுத்த படத்தையே மீண்டும் எடுத்துப் பணத்தையும் காலத்தையும் இழக்கின்றனர்.

மூன்றாவது, தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் தம் இ.எஸ்.ஐ. அட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கின்றனர். தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு; ஆண்டொன்றுக்குக் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அதில் இடமிருக்கின்றது. எந்த ஆஸ்பத்திரியில் எச்சிகிச்சைக்கு அது செல்லும் என்பதை முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாதவர்க்கு நம் சங்கத்து இளைஞர் உடன்சென்று உதவவேண்டும்.

நான்காவது, சிகிச்சை முடிந்தபின் இரத்தம் உறையாமைக்கு நெடுநாள் மாத்திரை தருவார்கள். வயிறு வற்றியது, இனி எதற்கு என்று நிறுத்தினால் மதகு மீண்டும் அடைபடும். காலந்தோறும் இரத்தப் பரிசோதனை செய்து அளவைத் திருத்திக்கொள்ளவேண்டும். பல் பிடுங்கச் சென்றாலும் இம்மாத்திரையைச் சொல்லிவிடவேண்டும். பெண்கள் கருத்தரிக்க எண்ணின் முன்னரே மருத்துவரைக் கேட்கவேண்டும். இவற்றுட் சில சிசுவுக்குக் கேடு செய்யும்.

ஐந்தாவதே எம் உள்ளத்தை மிகவும் உறுத்துவது. சம்பந்தம் பேசும் வீடுகளில், ஒருவர் வயிற்றைப் பார்த்து அவர் ஒழுக்கத்தை அளந்துவிடாதீர்கள். நம் சங்கத்து வரன் ஏட்டில் எழுதாத குறிப்புகள் பல, திண்ணைப் பேச்சில் எழுதப்பட்டுவிடுகின்றன. அவ்வெழுத்தை அழிப்பது மிகக் கடினம். குடித்து ஈரல் கெட்டவனாயினும் அவனும் நோயாளியே. அவனுக்கும் வைத்தியம் செய்யவேண்டியது நம் கடன். குடியாதவன்மீது அப்பழியைச் சுமத்துவதோ இரட்டைத் தீமை. அவன் சொல்லைக் கேளாமையால் உண்மை நோய் மறைந்துபோகின்றது, காலம் கடக்கின்றது, ஈரல் தழும்பேறிவிடுகின்றது.

எம் மாணவனுக்குச் சிரை திறக்கப்பட்டு ஈராண்டாகின்றது. வயிற்றில் நீர் இல்லை. மாத்திரை உண்டு, மாதந்தோறும் சோதனை உண்டு, வேலைக்குச் செல்கின்றான். விலகிய பெண் வீட்டார் திரும்பவில்லை. யாம் அவன் இல்லம் சென்று எம் பிழையைச் சொல்லி மன்னிப்பு வேண்டினோம். அவன் எழுந்து நின்று, “ஐயா, எங்கள் ஆலையில் சோதிக்காத வார்ப்பைக் கெட்டது என்று ஒதுக்கவும் மாட்டோம், நல்லது என்று ஏற்கவும் மாட்டோம். மனிதனுக்கும் அவ்வளவு செய்தால் போதும்” என்றான். தன் பெயரைச் சொல்லாமல் இதனை நம்மவர்க்குச் சொல்லும்படி கேட்டுக்கொண்டவனும் அவனே. அதன்பொருட்டே இன்று இங்கு நின்றோம்.